நாற்பத்திரண்டு டிகிரித் தட்டு

எட்டு நாளாக நோட்டில் ஒரே எண்ணைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பூஜ்யம். விதை எண்ணும் வேலைக்கு வந்து பதினாறு வருடமாகிறது, பூஜ்யம் எழுதுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் சின்னமுடி தேயிலை எஸ்டேட்டின் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. அதில் ஒன்று என் அக்கா ரெஜினாவின் குடும்பம்.

எங்கள் முளைப்பு நிலையம் ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது. ஆறு சூட்டறைகள், ஒவ்வொன்றும் ஒரு பீரோ அளவு. வேண்டிய சூட்டை வைத்துவிட்டால் பகலும் இரவும் அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டாம் அறையில், முப்பத்தேழு டிகிரியில், ஒரு தட்டில் நூறு வெள்ளைக் குங்கிலிய விதைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. தினமும் காலை பத்து மணிக்கு அறையைத் திறந்து, வேர் விட்டது எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். நான் எண்ணுவதை நீலமேகம் சார் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் பார்ப்பதற்குக் காரணம் என் அக்காதான். சோதனைக்கு உட்பட்ட ஊரில் சொந்தக்காரர் இருந்தால் எண்ணுகிறவர் பக்கத்தில் ஒரு மேற்பார்வையாளர் உட்கார வேண்டும் என்பது விதி. எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். அப்படிப் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர் நீலமேகம். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, எதைக் கேட்டாலும் விதி எண்ணோடு பதில் சொல்லும் மனிதர். முதல் வாரம் அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலை சூடாகிவிட்டது, அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கீழ்ச் சரிவில் மரங்கள் நிற்கின்றன, காய்க்கின்றன, விதை விழுகிறது. விழுந்த விதை முளைப்பதில்லை, அல்லது முளைத்த கன்று இலை விரிக்குமுன் வெந்துபோகிறது. இப்போது நிற்கும் மரங்கள் சாய்ந்தால் அவற்றுக்குப் பின் காடு கிடையாது. காடு போனால் ஊற்று போகும், ஊற்று போனால் அணை நிரம்பாது, அணையை நம்பி நாலு மாவட்டம் இருக்கிறது. ஆகவே ஒரு சட்டம் போட்டார்கள். எந்த மரத்தின் விதை சரிவில் முளைக்கவில்லையோ, அதைக் குளிர்ச்சியான மேட்டுக்கு ஏற்ற வேண்டும். மேட்டில் மனிதர்கள் இருந்தால் கீழே இறக்க வேண்டும். இதில் திட்டுவதற்கு ஒரு ஆள்கூட அகப்படவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

நானே அப்படி இறக்கப்பட்டவள்தான். பதினோரு வருடத்துக்கு முன் எங்கள் எஸ்டேட்டைக் காலி செய்து, இன்னும் இரண்டு எஸ்டேட் ஆட்களோடு சேர்த்து, அடிவாரத்தில் அணைக்காட்டுக் காலனியில் குடியேற்றினார்கள். அக்கா சின்னமுடியில் கல்யாணம் கட்டிப் போயிருந்ததால் தப்பித்தாள். இப்போது அவள் முறை.

அவர்களுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு சோதனைதான். நூறு விதையைக் கீழ்ச் சரிவின் சூட்டில் வைத்து, நாற்பத்தைந்தாம் நாள் காலை பத்து மணிக்குள் நாற்பது கன்றாவது முதல் ஜோடி இலையை விரித்துவிட்டால் மரத்துக்குச் சரிவே போதும், சின்னமுடிக்காரர்கள் அங்கேயே இருக்கலாம். மற்ற பத்து வகை மரங்களும் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டன. வெள்ளைக் குங்கிலியம் மட்டும் இரண்டு முறை தோற்றுவிட்டது. அது மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் நன்றாகக் காய்க்கும். விதையைப் பத்திரப்படுத்தவும் முடியாது, காய்ந்தாலும் சாகும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் சாகும். இந்த ஆடி மாதம் தவறினால் புரட்டாசியில் லாரி வந்து நிற்கும்.

ஒன்பதாம் நாள் பத்து மணிக்கு அறையைத் திறந்தேன்.

“சார்! சார், இங்க வாங்க. அறுபத்திமூணு!”

“என்னம்மா அறுபத்திமூணு? ராத்திரியில அத்தனை முளைச்சிடுச்சா?”

“அறுபத்திமூணாம் நம்பர் விதை சார். வேர் விட்டிருக்கு!”

நீலமேகம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தார். விதையின் மூக்கில் பாலாடை நிறத்தில் ஒரு துளி நீட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டு மில்லிமீட்டர் இருந்தாத்தான் கணக்கு. விதி ஆறு.”

“ரெண்டரை இருக்கும் சார்.”

“ஸ்கேலை இப்படிக் குடுங்க.”

வாங்கிப் பிடித்தார். மூன்று முறை அளந்தார், மூன்றாம் முறை தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கு இருந்த கடுப்பு கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் ஆறு. அதற்கடுத்த நாள் பத்தொன்பது. பத்து மணி வரை எங்களால் பொறுக்க முடியவில்லை. ஒன்பதரைக்கே அறை வாசலில் போய் நின்றுகொண்டு, கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தோம். அதே மரத்து விதை முந்தைய இரண்டு சோதனையிலும் எட்டாம் நாளே அழுகி நாறியது. இதற்கு மட்டும் என்ன வந்தது என்று நான் கேட்டேன், கேட்டுவிட்டு நானே சிரித்தேன். பதினாறாம் நாள் நாற்பத்தேழு! இலை விரிய இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஆடக் கூடாது என்று நீலமேகம் சொன்னார். சொல்லிவிட்டு, கேன்டீனில் எல்லோருக்கும் தன் செலவில் கேசரி சொன்னார்.

கேசரித் தட்டோடு நாங்கள் இருவரும் எங்கள் மேஜைக்குத் திரும்பியதும் நான் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன், அவரும் கேட்கட்டும் என்று.

“அக்கா, நாப்பத்தேழு!”

“எது, கிலோவா?”

“வேர் விட்டது அக்கா! நூத்துக்கு நாப்பத்தேழு!”

அந்தப் பக்கம் பெண்கள் கூச்சல் போட்டார்கள். யாரோ தகரத்தைத் தட்டினார்கள். சின்னமுடியில் விதை பொறுக்குகிற பெண்களுக்கெல்லாம் அக்காதான் தலைவி. அவள் குரல் பெருமையோடு திரும்பி வந்தது.

“பின்ன? சும்மா பொறுக்கி அள்ளிப் போட்ட விதைன்னு நெனச்சியா? ரெண்டு நாள் கொழுந்து வாட்டுற தொட்டியில போட்டு, வெதுவெதுன்னு பதமா வாட்டியில்ல அனுப்பிவச்சேன்.”

நீலமேகம் கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

“என்னக்கா சொன்னே? வாட்டினியா?”

“இந்தத் தடவை மழையில பொறுக்குனதுடீ. சொட்டச் சொட்ட அனுப்புனா ஈரத்துக்குக் கழிச்சிர மாட்டாங்களா?”

எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மழை நாளில் கொழுந்து பறித்துக்கொண்டு போனால், இலையில் தண்ணீர் இருக்கிறது என்று எடையில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். நாள் முழுக்க நனைந்து பறித்தவளுக்கு அந்தக் கழிவைப் பார்த்தால் வயிறு எரியும். இப்போது கொழுந்தே பாதியாகக் குறைந்துவிட்டது, பறிப்பதைவிட விதை பொறுக்கும் வேலைதான் அதிகம். ஆனால் கை பழைய கை. ஈரத்தோடு எதையும் அனுப்பக் கூடாது என்று அது பழகிவிட்டது.

“விதைக்கு எடையே போடுறதில்ல அக்கா! எண்ணித்தான் எடுக்கறோம்!”

“அது எங்களுக்கு எப்படிடீ தெரியும்? நீ சொன்னியா?”

நீலமேகம் என்னைப் பார்த்தார். விதி எண் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“விதி ஒன்பது, எஸ்தர். விதை ஈரச் சாக்குல, இருபத்தஞ்சு டிகிரிக்குக் கீழ வந்து சேரணும். சூட்டுல வாட்டுன விதை செல்லாது.”

“சார், நாப்பத்தேழு சார்!”

“நூத்துக்கு நூறு முளைச்சாலும் செல்லாது.”

எனக்கு வந்த கோபத்தில் கேசரியைத் தூக்கிக் குப்பையில் கொட்டினேன். கொட்டிய பிறகுதான் அவர் சொன்னதற்குள் ஒரு விஷயம் ஒளிந்திருப்பது உறைத்தது. வாட்டிய விதை செத்திருக்க வேண்டும். இது முளைத்திருக்கிறது. அதுவும் வாட்டாத விதை ஒன்றுகூட முளைக்காத சூட்டில்!

“சார், நாளைக்குக் காலையில முதல் பஸ்ல சின்னமுடி போறோம்” என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒரு தெர்மாமீட்டரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சின்னமுடி தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டும் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பஸ் நீளம். மேலே கம்பி வலை, அடியில் பெரிய விசிறி வெதுவெதுப்பான காற்றை ஊதும். எட்டுத் தொட்டியில் ஆறு காலியாகக் கிடந்தன. அக்கா மழைக்குத் தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கொங்காணியை உதறி ஆணியில் மாட்டிவிட்டு எங்களைக் கூட்டிப்போனாள். ஐம்பத்திநாலு வயது, கம்பி மாதிரி உடம்பு. ஆபீசர் என்று பயப்படுகிற ஆளில்லை.

“முதல் நாள் லேசா விடுவேன் சார். ரெண்டாம் நாள் கொஞ்சம் ஏத்துவேன். கொழுந்துக்கு வைக்கிற மாதிரி காய விடக் கூடாது. தோலு சுருங்குச்சுன்னா கதை முடிஞ்சுது. அப்பப்பத் தண்ணி தெளிச்சுப் பெரட்டிக்கிட்டே இருக்கணும்.”

“எத்தனை டிகிரி?” என்றார் நீலமேகம்.

“டிகிரியெல்லாம் யாருக்குத் தெரியும்? பச்சக் கொழந்தைக்குக் குளிக்கத் தண்ணி வெளாவுவோமில்ல, அந்தச் சூடு. ரெண்டாம் நாள் பெரிய ஆளுக்கு வெளாவுற சூடு.”

அவர் அக்காவைக் காற்றை வைக்கச் சொல்லி, தெர்மாமீட்டரை நீட்டினார். முப்பத்தைந்து. இரண்டாம் நாள் சூட்டுக்கு ஏற்றச் சொன்னார். முப்பத்தொன்பது. அணைத்துவிட்டு மறுபடியும் வைக்கச் சொன்னார். அக்கா காற்றில் கையை மட்டும் நீட்டிப் பார்த்து விசையைத் திருகினாள், மறுபடியும் முப்பத்தைந்து, மறுபடியும் முப்பத்தொன்பது. மூன்றாம் முறை அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மாடியில் நான் குதித்தேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் கேலி செய்வாள்.

“சார், மெதுவா ஏறுன சூடு சார்! நாம என்ன பண்றோம்? குளுகுளுன்னு வந்த விதையை ஒரேயடியா முப்பத்தேழுல தூக்கி வைக்கறோம். உள்ள இருக்கற புரதமெல்லாம் குலைஞ்சு அழுகிப்போகுது. இதுங்களுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சேதி போயிருச்சு. சூட்டைத் தாங்குற சரக்கை முன்கூட்டியே செஞ்சு வச்சிக்கிட்டு உள்ள வந்திருக்குங்க.”

“இது ஊகம்.”

“ஊகம்தான் சார். ஆனா எவ்வளவு அருமையான ஊகம்!”

அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “இப்ப என்ன, செல்லுமா செல்லாதா?”

“செல்லாதும்மா” என்றார் அவர்.

“வாட்டுனது எங்களுக்கும் உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும். எங்காளுங்க வாயத் தொறக்க மாட்டாங்க. நீங்களும் பேசாம விட்டுட்டா என்ன சார்? இருநூறு குடும்பம் சார்.”

விதி எண் எதுவும் நீலமேகத்தின் வாயில் வரவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. அவர் விட்டுவிடுவார் போலிருந்தது. விடட்டும் என்று எனக்கும் ஆசை வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

“அக்கா, அடுத்த வருஷம் சரிவுல நடும்போது யாரு வாட்டுவா?” என்றேன். “ஒருத்தனுக்கும் தெரியாது. பச்சை விதையைத்தான் நடுவான். ஒண்ணுகூட வராது. ரெண்டு மூணு தடவை நட்டுப் பாத்துட்டு மறுபடியும் உங்ககிட்டதான் வருவாங்க. அப்போ டெஸ்டுன்னு பேச்சே இருக்காது. நேரா லாரிதான்.”

அக்கா கொஞ்ச நேரம் தொட்டியின் வலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அப்ப வாட்டுனாத்தான் காடு வரும்கறே.”

“ஆமாக்கா.”

“வாட்டத் தொட்டி எங்கிட்டதான் இருக்கு. பதம் எங்க கையிலதான் இருக்கு.” அவள் நீலமேகத்தின் பக்கம் திரும்பினாள். “அப்ப சொல்லிருங்க சார். எல்லாத்தையும் எழுதிருங்க. எங்கள எறக்கிட்டு யார வச்சு வாட்டுவீங்கன்னும் சேத்து எழுதுங்க!”

நீலமேகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விதி பதினாலுன்னு ஒண்ணு இருக்கு” என்றார் மெதுவாக. “உள்ளூர் ஆட்கள், உள்ளூர்ச் சாதனத்தை வச்சு, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்ய முடிஞ்சா, பக்குவம் செஞ்ச விதையையும் சோதனைக்கு வைக்கலாம். சட்டம் வந்த நாள்லேர்ந்து யாருமே அதைத் தொட்டதில்ல. புது விதை வேணும். மரத்துல இன்னும் காய் இருக்கா?”

“ஒரு வாரத்துக்கு விழும் சார்!” என்று தொட்டிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அந்த மூன்று நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. மழையில், அட்டைக்கு உப்புத் தேய்த்துக்கொண்டு, சரிவு முழுக்க இறங்கிப் பொறுக்கினோம். நீலமேகத்தின் இஸ்திரி சட்டை நிறமே தெரியவில்லை. ஒரு காலில் ஏழு அட்டையை அவரே எண்ணி எனக்குக் காட்டினார். பொறுக்கியதை அக்கா வாட்டினாள், அவர் மணிக்கொருமுறை அளந்து எழுதினார். மூன்றாம் நாள் மத்தியானம் ஜீப்பில் நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

ஒரு தட்டு வாட்டாத விதை, முப்பத்தேழு டிகிரி. இன்னொரு தட்டு வாட்டியது, அதே முப்பத்தேழு. அத்தோடு வேலை முடிந்தது. ஆனால் வாட்டிய விதை நூற்றுக்கு மேல் மிச்சமிருந்தது, நாலாம் அறையும் காலியாக இருந்தது. என் கை சும்மா இருக்குமா?

“சார், இதை நாப்பத்திரண்டுல வச்சுப் பாக்கலாமா?”

“நாப்பத்திரண்டா? அது எந்தச் சரிவு?”

“சரிவு இல்ல சார், சமவெளி. எங்க காலனிச் சூடு. எதுவரைக்கும் தாங்குதுன்னு பாக்கத்தான். ஆசையா இருக்கு சார்.”

அவருக்கும் ஆசை தொற்றியிருந்தது. “அறைக்குள்ள எதை வச்சாலும் பதிவு பண்ணணும். விதி மூணு” என்று சொல்லிப் பதிவேட்டில் எழுதினார். எண்ணுபவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வாட்டாத தட்டில் மூன்று விதை வேர் விட்டது, மூன்றும் இலைக்கு முன் கருகியது. வாட்டிய தட்டில் ஐம்பத்தெட்டு வேர் விட்டது. கன்றுகள் எழுந்து நின்றதைப் பார்க்க வேண்டுமே! முதலில் கொக்கி மாதிரி வளைந்த தண்டு, பிறகு நிமிர்வு, பிறகு செம்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இலை. நாற்பத்தோராம் நாள் ஐம்பத்திரண்டு ஜோடி விரிந்துவிட்டது. வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை, சின்னமுடி தப்பித்துவிட்டது. அக்கா ஃபோனில் அழுதுகொண்டே இருந்தாள். நானும்தான்.

நாற்பத்திரண்டு டிகிரித் தட்டு வேறு மாதிரி வளர்ந்தது. எல்லாம் குள்ளம். தண்டு விரல்கடை உயரம்தான், ஆனால் வேர் தட்டின் அடித்துளை வழியாக வெளியே வந்து தேடிக்கொண்டிருந்தது. இலை சிறிதாக, தடித்து, மெழுகு பூசியது போலிருந்தது. மேலே வளர்வதை நிறுத்திவிட்டு முதலில் கீழே தண்ணீருக்குப் போகிறது! மழைக்காட்டு மரம் ஒன்று பொட்டல் வெயிலுக்கு இப்படித் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. நாற்பத்திமூன்றாம் நாள் முப்பத்தாறு ஜோடி விரிந்திருந்தது.

அன்று மத்தியானம் நீலமேகம் ஒரு வரைபடத்தோடு வந்தார்.

“எஸ்தர், ஒரு நிமிஷம் உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

“சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. மேட்டுல இடம் கம்மி, அதனால ஒரு மரம் எங்கெல்லாம் வருமோ, அதுல ரொம்பத் தாழ்வான இடத்துலேர்ந்துதான் நட ஆரம்பிக்கணும். அரசாங்கம் ஒதுக்கிக் குடுத்த நிலமா இருந்தா அதுலதான் முதல்ல. எழுதினவங்க மலையை மட்டும் மனசுல வச்சு எழுதிட்டாங்க. கோடு இவ்வளவு கீழ இறங்கும்னு யாரும் நினைக்கல.”

வரைபடத்தில் அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். அணைக்காட்டுக் காலனி. எங்கள் மூன்றாவது தெரு வரை அதில் கோடு போட்டிருந்தது. அறுநூற்று நாற்பது குடும்பம், எல்லோரும் ஏற்கெனவே ஒருமுறை மூட்டை கட்டியவர்கள்.

“நாப்பது வந்தா?”

“வந்தா அங்கேர்ந்துதான் நடணும். காலனி காலியாகணும்.”

“தட்டை எடுத்துற முடியாதா சார்?”

“பதிவாயிடுச்சும்மா.” அவர் வரைபடத்தை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். “நான் அன்னிக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கணும்.”

நீங்கள் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்றேன். அது உண்மை. என் ஆசைக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், யாரைப் போய்க் குறை சொல்ல?

வீட்டில் சொன்னபோது என் கணவர் லாரன்ஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மறுபடியுமா?” பேட்டரி வண்டி ரிப்பேர் கடை வைத்து நாலு வருடம்தான் ஆகிறது. சாப்பாட்டை முடித்துவிட்டு எழுந்துபோனார். அக்காவுக்கும் விஷயம் எட்டிவிட்டது. நாற்பத்தைந்தாம் நாள் காலை நான் செருப்பு மாட்டும்போது ஃபோன் வந்தது.

“எஸ்தரு, அந்தத் தட்டைத் தூக்கிக் கொட்டிரு. கை தவறிருச்சுன்னு சொல்லு.”

“அக்கா...”

“எங்கிட்ட அன்னிக்கு நியாயம் பேசிட்டோமேன்னு கூச்சப்படாத. நான் ஒருநாளும் குத்திக்காட்ட மாட்டேன். என் வீடு நின்னுருச்சு. உன் வீடும் நிக்கட்டும்டீ.”

நான் ஃபோனை வைத்துவிட்டு மறு காலுக்கும் செருப்பை மாட்டினேன்.

ஒன்பதே காலுக்கு நாலாம் அறையைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது, வெளியே எங்கள் தெருவில் அடிப்பது போலவே. முப்பத்தெட்டு ஜோடி விரிந்திருந்தது. முந்தின நாளே இரண்டு கூடியிருந்தது. எண்ணிவிட்டு அறையைச் சாத்தினேன். இன்னும் இரண்டு கன்றுகளில் இலை ஒட்டிக்கொண்டு, விரியலாமா வேண்டாமா என்று நின்றன. பதினேழாம் நம்பரும் எண்பத்தொன்றாம் நம்பரும்.

பதினேழு ஒன்பதரைக்குள் விரிந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் பிரிந்து, ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டாகிவிட்டது. முப்பத்தொன்பது.

நீலமேகம் பேனாவைக் காதில் செருகியபடி என் பின்னால் நின்றார். அவரும் எண்பத்தொன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காடு அறுபது வருஷமா மேல ஓடிக்கிட்டே இருக்கு, எஸ்தர்” என்றார். “கீழ இறங்கி வந்து நிக்கும்னா அது இதுலேர்ந்துதான். இது உங்களுக்கும் தெரியும்.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் போய் டீ குடிச்சிட்டு பத்து மணிக்கு வரேன். மேற்பார்வையாளர் டீ குடிக்கக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல.”

வெளிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவர் எதற்காகப் போகிறார் என்று புரியாத அளவுக்கு நான் முட்டாளில்லை. அந்த மனிதர் என் மேல் வைத்த பிரியம் அது.

ஒரு நகம் போதும். இலை நுனியில் ஒரு கிள்ளு. வேண்டாம், சூட்டறைக் கதவைத் திறந்து வைத்தால்கூடப் போதும், குளிர்ந்த காற்று பட்டால் பத்து மணி வரை விரியாது. அறுநூற்று நாற்பது வீடு. லாரன்ஸின் கடை. எங்கள் தெருப் பிலோமி வீட்டில் இப்போதுதான் மாடி எடுத்திருக்கிறார்கள். என் கை கதவுப் பிடியில் இருந்தது. நான் அதை இழுத்துச் சாத்தினேனா, திறக்கப் போனேனா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. ஏனென்றால் அப்போது எண்பத்தொன்று அசைந்தது.

தண்டு முதலில் சற்று நிமிர்ந்தது. பிறகு ஒட்டியிருந்த இலைகளுக்கு நடுவே ஒரு முடி அளவு வெளிச்சம் தெரிந்தது. நான் மண்டியிட்டு முகத்தை அறைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டேன். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை, துடைக்கும் நேரத்தில் எதையாவது தவறவிட்டுவிட்டால்? நாற்பத்திரண்டு டிகிரியில், இதற்கு முன் இந்த மரத்தின் எந்த விதையும் உயிரோடிராத சூட்டில், அந்தத் துளியூண்டு மரம் தன் இலையைப் பிரித்துக்கொண்டிருந்தது. வா, வா, வந்துரு என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீலமேகம் பத்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்க்கவில்லை. பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

“முப்பத்தொன்பதுதானே?”

“நாப்பது சார்.”

அவர் எழுதவில்லை. “எண்பத்தொண்ணு முழுசா விரிஞ்ச மாதிரி தெரியலயேம்மா. சந்தேகம்னு போடலாம். விதியில இடமிருக்கு.”

“குனிஞ்சு பாருங்க சார்” என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து எனக்கு மூச்சு வாங்கியது. “எவ்வளவு அழகா விரிஞ்சிருக்கு பாருங்க!”

அவர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பேனாவை நான்தான் அவர் கையிலிருந்து வாங்கி நாற்பது என்று எழுதினேன்.